எண்ணிக்கையில் விடுபட்ட ஊர்

அகநானூற்றைத் தொகுத்த சான்றோர் நானூறு பாட்டையும் கைக்கு வந்த முறையில் அடுக்கிவிட்டாரல்லர். ஒற்றைப்பட்ட எண்ணுடையன யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்து, இருபது என முழுதாய் வருவன நெய்தல். ஏட்டைத் திறந்து ஒரு பாட்டையேனும் படியாதவனும், பாலை 200, குறிஞ்சி 80, எஞ்சிய மூன்று திணையும் தனித்தனி 40 என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம். நாலடி முதல் எட்டடி வரையுள்ளவற்றைக் குறுந்தொகை என்றும், பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி வரையுள்ளவற்றை நெடுந்தொகையாகிய அகநானூறு என்றும் அடியளவால் பிரித்த பிரிவும் இத்தகையதே. தொகுத்தல், வகுத்தல், வகுத்தபின் எண்ணுதல் என்னும் மூன்றும் நம் முன்னோர்க்குக் கைவந்த கலைகள். திவாகர நிகண்டின் பன்னிரண்டாந் தொகுதிக்குப் 'பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி' என்றே பெயரிட்டிருக்கின்றனர்.

இவற்றையெல்லாம் வகுப்பறையில் முப்பது ஆண்டுக் காலம் உரத்த குரலில் எடுத்துரைத்தவன் நான். அவ்வாறிருந்தும், ஐம்பது வயதைக் கடந்தபின் ஒரு கணினிப் பொறியிடம் தொகைவினாத் தொடுக்கக் கற்றுக்கொண்டு, கற்ற அரைகுறை அறிவோடு ஒரு பட்டியலை ஆக்கி அனுப்பி, அதனால் நான் குடியிருக்கும் ஊரையே ஒரு நூலிலிருந்து மறையச் செய்துவிட்டேன். அந்தக் கதையைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

ஊர் லுணுகலை. பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கும், அங்கிருந்து மகாஓயாவைக் கடந்து செங்கலடிக்கும் இறங்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மலை முடிந்து தாழ்நிலம் தொடங்குவதற்கு முன் இருப்பது. சிங்களத்தில் 'லுணு' என்பது உப்பு. 'கல' என்பது பாறை. உப்புப் பாறை என்று பொருள்படும் இப்பெயரில் டண்ணகரமே வரவேண்டும் என்பது என் துணிபு. இந்தத் துணிபும் என் பிழைக்கு ஓரளவு காரணமாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

எங்கள் இலக்கிய வட்டத்தார் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்த பழந்தாள்கள் ஓர் அறை நிறைய உள்ளன. ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், கோயிற் கும்பாபிஷேக மலர்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், கையெழுத்துச் சஞ்சிகைகள், கும்மிப் பாட்டும் ஒப்பாரியும் எழுதிவைத்த கொப்பிகள் ஆகியன அவற்றுள் அடங்கும். கரையானும் மழையும் தின்றவை போக எஞ்சியவற்றைப் படம் பிடித்து, தலைப்பு, ஊர், ஆண்டு, வகை, உள்ளடக்கம் எனப் பதிந்து வைத்தோம். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களுக்காக 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைக் கண்ட ஊக்கமே எங்களை இதற்குத் தூண்டியது. பதிந்தவற்றைத் தேடுவதற்கு ஒரு தேடுபொறி வேண்டுமென்றபோது, கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றிற் பணிபுரியும் என் பழைய மாணாக்கர் ஒருவர், எலாஸ்டிக்சேர்ச் என்னும் பொறியை நிறுவித் தந்தார்.

இப்பொறியின் பிறப்புக் கதை சுவையானது. ஷே பேனன் என்பார், இலண்டனிற் சமையற்கலை பயின்ற தம் மனைவியாரின் சமையற் குறிப்புகளைத் தேடித்தருவதற்கு ஒரு கருவி செய்யப் புகுந்து, அம்முயற்சி வளர்ந்து வளர்ந்து 2010ஆம் ஆண்டில் எலாஸ்டிக்சேர்ச்சாக வெளிவந்தது. அதன் உள்ளே இயங்குவது, டக் கட்டிங் என்பார் 1999ஆம் ஆண்டில் ஆக்கிய லூசீன் என்னும் நூலகநிரல். லூசீன் செய்யும் வேலையைத் தமிழ்ப் பண்டிதருக்கு விளக்குவது மிக எளிது. அது சொல்லடைவு செய்கிறது. எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் வருகின்றது என்று சொல்லை முன்னிறுத்தி எழுதிவைக்கிறது. பிரெஞ்சு நிறுவனத்தார் புதுச்சேரியில் 1967 முதல் 1970 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவைப் புரட்டியவர்கள், லூசீனின் வயிற்றுக்குள் இருப்பதை ஏற்கெனவே கண்டவர்களாவர். அவர்கள் ஆண்டுக்கணக்கில் அட்டைகளில் எழுதி அடுக்கியதை, இது இமைப்பொழுதில் அடுக்கிவிடுகிறது.

தேடுதல் என்பது ஒரு வினா, தொகைவினா வேறொன்று. 'கங்காணி என்னும் சொல் வருகின்ற பாட்டுகளைக் கொண்டுவா' என்பது தேடுதல். 'அப்பாட்டுகள் எந்த ஊரில் எத்தனை, எந்தப் பத்தாண்டில் எத்தனை என்று வகுத்து எண்ணிச் சொல்' என்பது தொகைவினா. ஆங்கிலத்தில் அக்கிரிகேஷன் என்பர். 2014இல் வெளிவந்த அப்பொறியின் முதலாம் முழுப்பதிப்பிலிருந்து இவ்வசதி உள்ளது. வகுத்து வைக்கும் ஒவ்வொரு பிரிவையும் வாளி என்னும் பொருள்படும் சொல்லால் அவர்கள் வழங்குகின்றனர். நான் அதனைக் 'கூடை' என்றே சொல்லிப் பழகிக்கொண்டேன். எம்மூரிற் கொழுந்து வாளியிற் சேர்வதில்லை.

தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இது பிடிபடாத காரியமன்று. மலையிற் பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொருத்தி பேரிலும் எத்தனை கிலோ என்று குறித்துக்கொள்கிறார் கணக்கப்பிள்ளை. மாலையில் அவற்றைக் கூட்டிச் செக்ரோலிற் பதிகின்றனர். யார் பேர் முழுப்பேர், யார் பேர் அரைப்பேர் என்பது அந்தக் கூட்டலில் நிற்கிறது. ஒருத்தியின் பெயரை இருவேறு விதமாக எழுதிவிட்டால் அவள் கொழுந்து இரண்டாகப் பிரிந்து, இரண்டும் அளவுக்குக் குறைந்து, நாள் முழுதும் உழைத்தவளுக்கு அரைப்பேரே விழும். இதனை எழுதும்போது என் கை சற்றே தயங்குகிறது. நான் செய்த பிழை இதுவேதான்.

மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவெய்தியதை நினைவுகூர்ந்த 2023ஆம் ஆண்டில், மலர்களும் தொகுப்புகளும் பல வெளிவந்தன. அவற்றுள் ஒன்றற்கு, ஊவாவின் பழைய தமிழ் வெளியீடுகளைப் பற்றி ஊர்வாரியாக ஒரு கட்டுரை வேண்டும் என்றும், வெளியீடு மிகுந்த ஊர்களுக்குத் தனித்தனிப் பத்தி ஒதுக்குவதாகவும் தொகுப்பாளர் எழுதியிருந்தார். என்னிடம் பொறி உண்டு; மாணாக்கர் சொல்லித்தந்த வினாவும் உண்டு. 'சைஸ்' சுழியம் என்று முதலில் எழுதவேண்டும். ஆவணங்கள் வேண்டா, எண்ணிக்கை மட்டும் போதும் என்பது அதன் பொருள். அடுத்து, 'அக்ஸ்' என்னும் தலைப்பின்கீழ் நாமே ஒரு பெயர் இட்டு, அதனுள் 'டேர்ம்ஸ்' என்று எழுதி, எந்தப் புலத்தை வகுக்கவேண்டும் என்பதைக் குறிக்கவேண்டும். நான் ஊர்ப் புலத்தைக் குறித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் பத்து ஊர்களின் பெயரும் எண்ணிக்கையும் வந்து நின்றன. பதுளை முதலாவது. பத்தாவது ஊருக்கு 14. லுணுகலை அதில் இல்லை.

எனக்கு வியப்பு உண்டாகாமல் இல்லை. ஆயினும், 'நம்மூர் சிறிது; நம் அன்பினால் பெரிதாகத் தோன்றியது போலும்' என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். பொறி எண்ணியதை மனிதன் மறுப்பதா என்ற மயக்கமும் உடனிருந்தது. பட்டியலை அனுப்பினேன். நூலும் வந்தது. பத்து ஊருக்குப் பத்துப் பத்தி. ஈற்றில், 'மற்றும் பிற ஊர்களிலும் சில வெளியீடுகள் தோன்றின' என்று ஒரு வரி.

நூல் வந்து சில மாதங்கள் கழிந்திருக்கும். ஒரு நாள் மாலை, எண்பதை அணுகிய பெரியவர் ஒருவர், மழையில் நனையாதபடி உரப்பையிற் சுற்றிய ஒரு கட்டுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். இளமையில், லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில், நண்பர் இருவரோடு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தியவர். அந்த நூலை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கின்றனர். தேநீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "மாஸ்டர், நம்ம ஊரு எங்க போச்சு?" என்று கேட்டார். கோபம் இல்லை. கணக்கு விளங்காத பிள்ளை கேட்பதுபோலவே கேட்டார். என்ன விடை சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை. நல்ல விடையாக இருந்திராது.

அன்றிரவே மாணாக்கருடன் தொலைபேசியிற் பேசினேன். "சேர், வந்த விடையில கடைசி வரியப் பாத்தீங்களா?" என்பதே அவருடைய முதற்கேள்வி. பார்த்திருக்கவில்லை. நாம் வேறு அளவு கேளாதவிடத்து, அப்பொறி அளவிற் பெரிய பத்துக் கூடைகளை மாத்திரமே காட்டும்; எஞ்சிய கூடைகளில் மொத்தம் எத்தனை ஆவணங்கள் உள்ளன என்பதையும் விடையில் ஒரு வரியிற் சொல்லிவிடும். பொறி மறைக்கவில்லை; நான்தான் படிக்கவில்லை. வெளியே 'சைஸ்' சுழியம் என்று எழுதிய துணிவில், உள்ளே டேர்ம்ஸினிடத்தும் ஒரு 'சைஸ்' உண்டு என்பதை அறியாதிருந்தேன். வெளியே உள்ளது ஆவணங்களின் தொகை. உள்ளே உள்ளது கூடைகளின் தொகை. திவாகரத்தின் பதினோராந் தொகுதி 'ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி' என்பதை மாணாக்கர்க்கு ஓதிக்கொடுத்தவன், ஒரு சொல் இரு பொருளில் நின்றதைக் கண்டுகொள்ளவில்லை.

உள்ளே நின்ற அளவை உயர்த்தி மறுபடியும் வினாவினோம். அப்போது வெளிப்பட்டது உண்மை. லுணுகலை 12. லுனுகலை 9. லுணுகல 7. லுனுகல 4. ஒரே ஊர் நான்கு கூடையில். சேர்த்துக் கூட்டினால் 32. பட்டியலில் நான்காம் இடம். பொறிக்கு உப்பும் தெரியாது, பாறையும் தெரியாது. எழுத்து வேறுபட்டால் அதற்குப் பொருளும் வேறு. அப்புத்தளையும் ஹப்புத்தளையும், அட்டனும் ஹட்டனும் அதற்கு வெவ்வேறு ஊர்கள்.

கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவனவும் அதற்கு வேறுபடும் என்பதை அறிந்தபோது எனக்கு இன்னும் வியப்பு மிகுந்தது. 'கொ' என்னும் எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் உள்ளிடலாம். இரு குறியாகப் பிரித்தும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோயில் மலர்களின் தலைப்பிலெல்லாம் வரும் 'ஸ்ரீ' என்பதும் அடியில் நிற்கும் எழுத்து வேறுபாட்டால் இருவகையாகப் பதியப்படுகிறது. ஔகார உயிரை, ஒகரமும் ளகரமுமாகத் தட்டிவிடுவோர் எத்தனை பேர்! இவற்றுட் கொம்பு, கால் போன்றவற்றை ஒருமைப்படுத்தும் நெறி யூனிகோட்டில் உண்டு. அதனைப் பதிவேற்றுவதற்கு முன்னரே செலுத்திவிடவேண்டும். ஔகாரப் பிழையையோ அந்நெறியும் திருத்தாது; மனிதக் கண்தான் வேண்டும்.

இங்கே எனக்கும் மாணாக்கர்க்கும் ஒரு வழக்கு எழுந்தது. 'லுணுகலை என்பதே வழு இல்லாத வடிவம். ஏனைய மூன்றையும் அழித்து இதனையே பொறித்துவிடு, தம்பி' என்றேன். அவர் உடன்படவில்லை. "நீங்கதானே சேர் பாடபேதம் படிச்சுத் தந்தீங்க" என்றார். நான் வாயடைத்துப் போனேன். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் ஒரு பாடத்தை மேலே கொண்டு, ஏனைய பாடங்களை அடிக்குறிப்பில் வைத்தாரே அன்றி, அவற்றை எரித்துவிடவில்லை. 1962இல் ஒருவர் தம் ஊரை 'லுனுகல' என்று எழுதினாரென்றால், அதுவும் ஒரு செய்தி. அவர் அப்பெயரை எவர் வாயிலாகக் கேட்டார் என்பதற்குச் சான்று. ஆகவே இரண்டு புலம் ஏற்படுத்தினோம். ஒன்று 'எழுதியபடி', அதனை எவரும் திருத்தலாகாது. மற்றொன்று 'வழங்கு பெயர்'; எண்ணுவதற்கு அதுவே உரியது. ஹொப்டன், அடாவத்தை என்று தோட்டப்பெயர் மாத்திரம் பொறித்தவற்றை லுணுகலையிற் சேர்க்கலாமா என்று ஒரு மாலை முழுவதும் வாதாடி, சேர்ப்பதில்லை என்று முடிவுசெய்து, தோட்டத்துக்கெனத் தனிப் புலம் வகுத்தோம்.

புலங்களைப் பற்றி இன்னும் ஒன்று. இப்பொறி எழுத்துத் தொடரை இருவிதமாகக் கொள்கிறது. 'டெக்ஸ்ட்' என்று கொண்டால் சொற்சொல்லாகப் பிரித்து அடைவில் இடும். தேடுவதற்கு அது நன்று. 'கீவேர்ட்' என்று கொண்டால் முழுத்தொடரையும் ஒரே பொருளாகப் பேணும். எண்ணுவதற்கு அதுவே நன்று. பிரித்ததை எண்ணும்படி கேட்டால் பொறி மறுத்துவிடும். அம்மறுப்பைத் தடுத்து எண்ணவைக்கவும் வழியுண்டு. அங்ஙனம் செய்தால் 'மீனாட்சி தோட்டம்' என்பது மீனாட்சி ஒரு கூடையாகவும், தோட்டம் ஒரு கூடையாகவும் பிரிந்து, மாகாணத்திலேயே மிகப் பெரிய ஊர் 'தோட்டம்' என்னும் ஊர் என்று விடை வரும். முதல் வாரத்தில் அத்தகைய விடையொன்றைப் பெற்று நாங்கள் நகைத்ததுண்டு.

பெரியவரின் சஞ்சிகைக்கு வருவோம். அதன் இரண்டு இதழ் எங்களிடம் முன்னரே இருந்தன. நானே என் கையாற் பதிந்தவை. ஆனாற் பொறிக்குள் அவை இல்லை. அட்டையில் 'சுபகிருது, தை' என்று இருந்ததை, உள்ளவாறே எழுதவேண்டும் என்னும் நேர்மையினால், காலப் புலத்தில் அப்படியே எழுதியிருந்தேன். காலப் புலம் தேதியையன்றி வேறெதனையும் ஏலாது. ஏற்றும்போதே அவ்விரண்டு பதிவையும் முழுதாய்த் தள்ளிவிட்டு, தள்ளியதை ஒரு வரியில் அறிவித்தும் இருக்கிறது. அந்த வரியையும் நான் படிக்கவில்லை. சுபகிருது 1962 சித்திரையில் தொடங்கி 1963 பங்குனியில் முடிந்தது. எனவே அவ்வாண்டுத் தை 1963 சனவரி நடுவில் தொடங்குவது. ஆண்டின் பெயரைக் கண்டவுடன் 1962 என்று எழுதுவோர் பலர்; தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆண்டுவாரியாகக் கூடையிடும் தொகைவினாவுக்கு இது சிறு பிழையன்று.

பாட்டுக் கொப்பிகளை எண்ணப் புகுந்தபோது வேறொரு நுட்பம் தெரிந்தது. பாட்டுகளில் மிகுதியும் வரும் சொல் எது என்று அறிய நான் விரும்பினேன். முதலில் ஓர் எச்சரிக்கை: டேர்ம்ஸ் வினா எண்ணுவது ஆவணத்தையே, வருகையை அன்று. ஒரு பாட்டில் 'மாமன்' ஒன்பது முறை வந்தாலும் அது ஒரு பாட்டுத்தான். 'நூறு முறை வருகின்றது' என்று மேடையிற் சொல்லிவிட்டு, 'நூறு பாட்டில் வருகின்றது' என்று பின்னர்த் திருத்திக்கொண்ட அனுபவம் எனக்குண்டு.

இரண்டாவது நுட்பம் ஆழமானது. பெருந்தொகுதிகளை இப்பொறி பல துண்டுகளாகப் பிரித்துப் பல கணினிகளில் வைக்கும். ஒரு பேச்சுக்கு, பாட்டுகளை மூன்று பெட்டியில் இட்டு, மூவரிடம் ஒப்படைத்து, 'உங்கள் பெட்டியில் முதலிடம் பெறும் இரண்டு சொல்லை அனுப்புங்கள்' என்று கேட்பதாகக் கொள்வோம். முதற்பெட்டியில் மழை 20, மலை 18, மாமன் 17. இரண்டாம் பெட்டியில் தேயிலை 20, கங்காணி 18, மாமன் 17. மூன்றாம் பெட்டியிற் கொழுந்து 20, கண்டி 18, மாமன் 17. மூவரும் இரண்டிரண்டு சொல்லை நேர்மையாக அனுப்புகின்றனர். கூட்டிப் பார்த்தால், மொத்தத்தில் 51 பாட்டில் வந்து எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கவேண்டிய மாமன் எந்தப் பட்டியலிலும் இல்லை! எங்கும் மூன்றாவதாய் இருந்த குற்றத்தால் முதலாவது மறைந்துவிட்டது. இதனை அறிந்தே, நாம் பத்துக் கேட்டால் ஒவ்வொரு துண்டினிடமும் அதன் ஒன்றரை மடங்கும் மேலும் பத்தும், அஃதாவது இருபத்தைந்து, கேட்டு வாங்குமாறு பொறியை அமைத்திருக்கின்றனர். அப்போதும் பிழை நேரலாம் என்பதால், எண்ணிக்கை அதிகமாகப் போனால் எவ்வளவு தவறக்கூடும் என்னும் மேலெல்லையையும் விடையோடு அறிவிக்கின்றது. தன் கணக்கின் ஐயத்தையும் தானே எழுதித் தரும் கணக்கரை நான் மனிதரில் அதிகம் கண்டதில்லை. 2019இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு முதல், நாம் வேறு சொல்லாவிடின் அது தொகுதியை ஒரே துண்டாகவே வைக்கிறது. எங்களுடையது போன்ற சிறு தொகுதிக்கு ஒரு துண்டே போதும். அங்கே இத்தகைய பிழைக்கு இடமில்லை.

கூடையின் பெயர் மாறினால் தொகை மாறும் என்பது தாளுக்கு மட்டும் உரியதன்று. 1911ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் இந்நாட்டுத் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முறையாக வேறு பிரித்தெண்ணினர். இந்தியத் தமிழர் என்னும் கூடையில் 1953இல் 974,098 பேர். 1981இல் 818,656 பேர். 2012இல் 839,504 பேர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கப்பலேறிச் சென்றவர்கள் இக்குறைவுக்குப் பெருங்காரணம். ஆயினும், இங்கேயே இருந்துகொண்டு தம்மை இலங்கைத் தமிழர் என்று எழுதிக்கொண்டவர்களும் உளர். என் உறவினருள்ளேயே அண்ணன் ஒரு கூடையிலும் தம்பி மற்றொரு கூடையிலும் இருக்கின்றனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலையகத் தமிழர் என்னும் பெயரும் சேர்ந்துகொண்டது. அத்தொகைகளைக் கையாள்வோர், இருவேறு பெயரில் எழுதப்பட்டோர் ஒரே லயத்தில் ஒரே அடுப்பில் உண்பவராய் இருக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ளல் நன்று.

நூலின் தொகுப்பாளர்க்கு என் பிழையை விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். அச்சான நூலை என் செய்வது? மறுபதிப்பு வருமாயின் சேர்ப்பதாக விடையெழுதினார். அக்கடிதத்தைப் பெரியவரிடம் காட்டியபோது, கண்ணாடி இல்லாமல் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் உரப்பைக் கட்டை அவிழ்த்தார். அவருடைய சஞ்சிகையின் பன்னிரண்டு இதழ்; எங்களிடம் இல்லாதவை. தோட்டத்துப் பையன்கள் எழுதிய கதைகள், செக்ரோல் தாளின் பின்புறத்தில் எழுதிய ஒரு தொடர்நாடகம், நீலப் பென்சிலால் வரைந்த மலைப் படம். பன்னிரண்டையும் பதிந்தோம், தள்ளுண்ட இரண்டையும் தேதி திருத்தி ஏற்றினோம். லுணுகலை 46 ஆயிற்று.

இன்னும் ஒரு கூடையைப் பற்றிச் சொல்லவில்லை. ஊர்ப் புலம் வெறுமையாய் விட்ட பதிவுகளைப் பொறி எந்தக் கூடையிலும் இடாது. அவை இல்லாதனபோல விடையிலிருந்து நழுவிவிடும். 'மிஸ்ஸிங்' என்று ஒரு சொல்லை வினாவிற் சேர்த்து, அவற்றுக்கு நாமே ஒரு பெயர் கொடுத்தால்தான் அவை தலைகாட்டும். 'ஊர் தெரியாதன' என்று பெயரிட்டோம், 62 வந்தன. பெரும்பாலும் பாட்டுக் கொப்பிகள். ஊரும் ஆண்டும் இட்டு எழுதும் வழக்கம், அச்சேறும் என்று எண்ணுவோர்க்கே உரியது. தாயின் ஒப்பாரியைக் கேட்டுக் கொப்பியில் எழுதிவைத்த பெண் தன் ஊரை எதற்காக எழுதவேண்டும்?

அவற்றுள் பச்சை மட்டையிட்ட ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, சென்ற மாதம் பெரியவருடன் பக்கத்துத் தோட்டத்திற்குச் சென்றேன். லயத்தின் கடைசி வீட்டில், கண்பார்வை மங்கிய ஒரு மூதாட்டியார் இருந்தார். கொப்பியில் உள்ள தாலாட்டைப் பெரியவர் மெல்லப் படித்தார். இரண்டாவது அடி முடியுமுன்னரே அம்மையார் மூன்றாவதைச் சொன்னார். பின்பு கொப்பியை வாங்கி, எழுத்தைப் பார்க்கமாட்டாமல் மட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓரம் தைத்த நூலைத் தொட்டு, "இது எங்க அக்கா தச்சது" என்றார். அக்கா பெயரை எழுதிக்கொண்டேன். ஊரையும் எழுதிக்கொண்டேன், 'எழுதியபடி' என்னும் புலத்தை வெறுமையாகவே விட்டு, 'வழங்கு பெயர்' என்பதில் மட்டும்.

வீடு திரும்பி, அதனைப் பதிந்துவிட்டு, அதே வினாவை மறுபடியும் தொடுத்தேன். லுணுகலை 47. ஊர் தெரியாதன 61. அடுத்த சனிக்கிழமை, பெரியவர் பசறைப் பக்கம் ஒருவரைத் தெரியும் என்கிறார். காலை முதல் பேருந்திற் போவதாக இருக்கிறோம்.